சத்தமில்லாத ஊர்

கிரேக்கத் தீவுக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் நம்புவதில்லை. நம்புகிறவர்களும் முதலில் கேட்பது, "அங்க நம்ம சோறு கெடைக்குமாங்க?" என்றுதான். கிடைக்காது. அரிசி, பருப்புப்பொடி, நெய், ஊறுகாய், ஒரு சின்ன குக்கர் எல்லாவற்றையும் நானே கட்டிக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் குக்கரைத் திறந்து பார்த்த பெண் என்னையும் ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும், என் வயிறு என் கவலை.

அடுத்த கேள்வி, "ஊரு எப்படிங்க இருந்துச்சு?" நான் "அமைதியா இருந்துச்சுங்க" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். உடனே ஒரு பெருமூச்சு வரும். லாரி ஹாரனும் மிஷின் இரைச்சலும் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அமைதி என்ற சொல்லே மலைவாசஸ்தலம்தான். அந்த அமைதி எங்களை என்ன செய்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

எங்கள் வீடு வேலம்பாளையத்தில், எங்கள் கம்பெனிக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே ஆளுயர வட்ட மிஷின்கள் நூலை இழுத்துத் துணியாகப் பின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்து ஷெட்டில் அந்தத் துணியை வெட்டிப் பனியனும் டீ-சர்ட்டும் தைப்பார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் தரை நடுங்குவதைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். டம்ளரில் தண்ணீர் வைத்தால் அதில் வட்டம் வட்டமாக அலை ஓடும். போகப் போகப் பழகிவிட்டது. என் கணவருக்கோ அந்த நடுக்கம் இருந்தால்தான் தூக்கமே வரும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது மின்சாரம் நின்று மிஷின் ஓய்ந்தால், அந்தக் கணமே கண்ணைத் திறந்து, "கரண்ட் போயிருச்சா?" என்பார். "வந்துரும், படுங்க" என்பேன் நான். ஜெனரேட்டர் ஓடி, கீழே இரைச்சல் எழுந்ததும் திரும்பத் தூங்கிவிடுவார். எங்கள் தாம்பத்தியத்தில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இந்த இரண்டு வரியாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யார் உடம்பில் டீ-சர்ட்டைப் பார்த்தாலும் கீழ் மடிப்பைப் பிடித்துத் திருப்பி உள்தையலைப் பார்க்காமல் விடமாட்டார்கள். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு தேய், ஒரு இழுப்பு. என்ன நூல், எப்படிச் சாயம் ஏறியிருக்கிறது, துவைத்தால் கோணுமா கோணாதா, எல்லாம் சொல்லிவிடுவார்கள். என் வீட்டுக்காரருக்கு இந்த வியாதி முற்றிப்போயிருந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரரின் கைமடிப்பைத் திருப்பியிருக்கிறார். பல் பிடுங்க வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும்போதே டாக்டரின் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறார். அவிநாசிக் கோயிலில் வரிசையில் நிற்கையில் முன்னால் நின்றவரின் முதுகுத் துணியை இவர் தூக்க, அவர் திரும்பி முறைத்தார். நல்ல வேளையாக அவரும் பனியன் கம்பெனிக்காரர். இரண்டு பேரும் சாமியை மறந்து தையலைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். "கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அதட்டி அதட்டியே எனக்குத் தலை நரைத்தது.

அந்தக் கை ஒரு நாள் நின்றது. கடல் தாண்டி எங்கோ வரியைக் கூட்டினார்கள். எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். இன்னொருவர் வருவார் என்று காத்திருந்தோம். தெற்குச் சீமையிலிருந்து வந்து எங்களோடே இருந்து தைத்த குடும்பங்கள் வேறு கம்பெனி தேடிப் போயின. மிஷின் ஓட்டின ஒடிசாப் பையன்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். கடைசியில் மிஷின்களையே விற்றோம். அவற்றை லாரியில் ஏற்றும்போது அவர் ஓரமாக நின்று, "பாத்துப்பா, ஊசி அடிபட்டுரப் போவுது" என்று வாங்கினவனின் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி போனதும் மாடியேறி வந்து தண்ணீர் கேட்டார். டம்ளரை மேஜைமேல் வைத்தேன். தண்ணீர் அசையாமல் நின்றது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் யாருடைய துணியையும் தொடவில்லை. டி.வி. ஓடும், பார்க்கமாட்டார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். தூக்கம் போய்விட்டது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதை நான்தான் எடுத்துக் கொடுப்பேன், டப்பாவைப் பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் மறைத்துவைப்பேன். இந்த மனுஷன் உயிரோடு இருக்கச் சம்மதிப்பாரா என்பதுதான் என் பயம். அதை வாய்விட்டு யாரிடம் சொல்வது? சொன்னால் உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகள்தான் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் மனசு சரியில்லாவிட்டால் அங்கேதான் போவார்களாம். "சத்தமே இல்லாத ஊருங்கம்மா. கடலு, மீன் புடிக்கற ஊரு, அவ்வளவுதான். அப்பாவுக்கு அதுதான் மருந்து. கூட்டிட்டு வாங்க" என்றாள். "கடலா கண்ணு?" என்று கேட்டேன். என் பயம் அவளுக்குத் தெரியாது. "ஆமாங்கம்மா" என்றாள் சந்தோஷமாக. பெட்டி கட்டினேன்.

பெட்டியை மூடப்போகும்போது அவர் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு கட்டு எடுத்துவந்தார். எங்கள் கம்பெனியில் கடைசியாகத் தைத்த வெள்ளைப் பனியன்கள். கவர்கூடப் பிரிக்கவில்லை. அதுவரை அதில் ஒன்றையும் அவர் போட்டதில்லை. தானே கொண்டுவந்து பெட்டியில் வைத்தார். எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது.

மகள் ஏதென்ஸுக்கு வந்து எங்களைக் கப்பலேற்றிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பெரிய கப்பல், பஸ், லாரி எல்லாம் வயிற்றுக்குள் போகும். தீவில் இறங்கி, மலையைச் சுற்றிச் சுற்றி வேனில் போனால் அந்த ஊர். வெள்ளைச் சுவர், நீலக் கதவு என்று காலண்டரில் பார்த்திருக்கிறோமே, அது இல்லை. கல் வீடுகள், ஒரு சின்ன தேவாலயம், ஒரு காப்பிக்கடை, கூழாங்கல் கரை, நான்கைந்து படகு, கணக்கில்லாத பூனை. சீசன் முடிந்துவிட்டது. சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிவைத்திருந்தார்கள். கயிற்றில் ஆக்டோபஸைக் காயப்போட்டிருந்தார்கள், அரைக்கைப் பனியன் காய்கிற மாதிரியே இருந்தது. அவர் பார்ப்பார் என்று காட்டினேன். "ம்" என்றார்.

நாங்கள் தங்கிய வீட்டுக்காரி என் வயதுக்காரிதான், பக்கத்திலேயே இருந்தாள். கறுப்பு கவுன், ஓயாத கை. அவளுக்கு என் இங்கிலீஷ் புரியாது, எனக்கு அவளுடையது புரியாது. ஆனாலும் மாமியார்களைப் பற்றி ஒரு முழுப் பேச்சே பேசி முடித்தோம். தயிரில் வெள்ளரிக்காய் போட்டுப் பச்சடி கொடுத்தாள், பூண்டு தூக்கலாக. அத்திப்பழம் கொடுத்தாள். நான் பருப்புப்பொடி சோறு கொடுத்தேன். நெய்யை முகர்ந்துவிட்டு, சாப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல பெண். அந்த ஊர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த அமைதி இருக்கிறதே! மத்தியானம் ஊரே கதவைச் சாத்திப் படுத்துவிடும். காற்று நின்றால் கடலும் படுத்துவிடும். ஒரு தட்டு கீழே விழுந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். எங்களுக்கு முன்னால் அங்கே தங்கியவர்கள் வீட்டுக்காரியின் புத்தகத்தில் அந்த அமைதியைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் சத்தம் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரண்ட் இல்லை, இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. ஒரு தெருவே அமைதியாக இருந்தால், பாவம் அந்தத் தெருவில் எத்தனை கம்பெனி போச்சோ என்றுதான் பேசிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊர் மனுஷனை நாங்கள் கூட்டிக்கொண்டு போனது, மிஷின் நின்ற அன்றைக்கு எங்கள் வீடு இருந்த மாதிரியே இருக்கிற ஓர் ஊருக்கு. அது போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்தார். அது எதற்கென்று எனக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே போய் அழுதேன்.

அதற்குப் பிறகு நான் அவரை விட்டு நகரவில்லை. அவர் கடலோரம் நடந்தால் கடலுக்கும் அவருக்கும் நடுவில் நான் நடந்தேன். என் செருப்பு நனைந்துகொண்டே இருந்தது. "இக்கட்ட வா புள்ள, கால் நனையுது" என்பார். "நனையட்டுங்க" என்பேன்.

ஒரு நாள் ஊர் முனையில் இருந்த கடைக்கு அவரை வேண்டுமென்றே இழுத்துக்கொண்டு போனேன். தீவின் படம் போட்ட டீ-சர்ட்டுகள் வாசலில் தொங்கின. காற்றில் ஆடி அவர் தோளிலேயே இடித்தன. முன்பென்றால் கடையையே பிரித்துப் போட்டிருப்பார். நானே ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"ஏனுங்க, இது எந்த ஊருல ஓட்டுன துணின்னு பாத்துச் சொல்லுங்களே."

"எந்த ஊருல ஓட்டுனா என்ன புள்ள" என்று நகர்ந்துவிட்டார்.

மடிப்பைத் திருப்பி நானே பார்த்தேன். பக்கவாட்டுத் தையல் கோணலாகத்தான் இருந்தது. கோணல் என்று சொன்னால் திரும்பி வருவாரோ என்று நின்றேன். அவர் அதற்குள் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் ஒரு படகுக்காரரைப் பார்த்தோம். அறுபது வயதிருக்கும், தொப்பையும் வெள்ளை மீசையுமாகத் தன் படகின் எஞ்சினைக் குடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி நிறையக் கிழிசல் துணி. எங்கள் ஊரில் அதற்குப் பனியன் வேஸ்ட் என்று பெயர். வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகளைக் குடோனில் பிரித்து, மிஷின் துடைக்க விற்பார்கள். உலகத்தில் எஞ்சின் இருக்கிற இடமெல்லாம் அது போகும். என் கணவர் நின்றார். குனிந்தார். வாளியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து, இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

அவிநாசியப்பா என்று வாய்க்குள் சொன்னேன்.

"சிங்கிள் ஜெர்சி" என்றார் என்னிடம், பனியன் துணியின் பெயரைச் சொல்லி. "இதுல பாலியஸ்டர் இருக்குது. எண்ணெய இழுக்காது, தள்ளி உட்டுரும். யாரோ இவர ஏமாத்திப்போட்டாங்க."

இத்தனை வார்த்தை அவர் சேர்ந்தாற்போலப் பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. படகுக்காரரிடம் கையைக் காட்டி, தலையை ஆட்டி, துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பாடமே நடத்தினார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கோப்பையில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். இவர் வாங்கிக் குடித்தார். அடியில் இருந்த மண்டியையும் சேர்த்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் படகுக்குக் கிளம்பிவிடுவார். கையில் எங்கள் ஊர் மஞ்சப்பை. ரொட்டி வாங்க, அத்திப்பழம் வாங்க என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரியிடம் கத்தரிக்கோல் கேட்டு வாங்கினாராம். வலை அறுக்க உதவுகிறாரோ என்னவோ என்று விட்டுவிட்டேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் அவராகவே ஊறுகாய் கேட்டார். நான் கடலுக்கும் அவருக்கும் நடுவில் நடப்பதை நிறுத்தினேன். வீட்டுக்காரியோடு உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்தேன். வெயில் நன்றாக இருந்தது. அந்த ஊர் அழகான ஊர் என்பதையே அப்போதுதான் பார்த்தேன்.

மகள் போன் செய்தாள். "அப்பா எப்படிங்கம்மா?"

"தேறிட்டாரு சாமி. துணியத் தொட்டுட்டாரு" என்றேன்.

அவள் அந்தப் பக்கம் அழுதாள். கம்பெனி வீட்டில் பிறந்த பெண், அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊருக்குப் போனதும் இரண்டே மிஷின் போட்டு, சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் போனிலேயே திட்டம் போட்டோம்.

கிளம்பும் நாள் காலையில் பெட்டி அடுக்கினேன். பனியன் கட்டைக் காணோம். கவர் மட்டும் நான்காக மடித்து அலமாரியில் இருந்தது. உடுத்திக் கழற்றிப் போட்டிருந்தால் துவைக்கிற எனக்குத் தெரியாமலா இருக்கும்? கட்டில் அடியில் பார்த்தேன், கொடியில் பார்த்தேன். பிறகு அவரைக் கூப்பிடப் படகுத்துறைக்குப் போனேன்.

படகுக்காரர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் வெள்ளைத் துணி. வாளியில் பழைய கிழிசல் ஒன்றும் இல்லை. எல்லாம் புதுசு, சதுரம் சதுரமாக, ஒரே அளவில். கழுத்துப்பட்டி இல்லை, தையல் இல்லை, மடிப்பு இல்லை. வேஸ்ட் குடோனில் பெண்கள் அப்படித்தான் தையலை நீக்கிவிட்டு நறுக்குவார்கள், தையல் இருந்தால் இரும்பில் சிக்கும். என் கணவர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, மடியில் கடைசிப் பனியனை வைத்து, தோள் தையலை ஓரமாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னுங்க பண்றீங்க?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, அழுகை இல்லை. ஒரு லோடு முழுவதும் குறையில்லாமல் பாஸாகிப் போகிற நாளில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நல்லா இழுக்குது புள்ள. எண்ணெய் ஒரு சொட்டு நிக்கறதில்ல. நம்ம துணி நல்ல துணி."

"அது கடேசியா தெச்சதாச்சேங்க."

"ஆமா. வேற எதுக்கு ஆவப்போவுது?"

"நம்ம கம்பெனி பேரு போட்ட லேபிள் எங்கீங்க?"

"அது தொடைக்க ஆவாது, இரும்புல சிக்கும்" என்றார். கடலைக் காட்டினார். "உட்டுட்டேன்."

ஒன்றும் அறியாத படகுக்காரர் கறுத்துப்போன துணியை எனக்குத் தூக்கிக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? தேறிவிட்டார் என்று நான் நினைத்த நாட்களெல்லாம் அவர் எல்லாவற்றையும் முடித்துவைத்துக்கொண்டிருந்தார், வேலை தெரிந்தவர் முடிக்கிற மாதிரி, மிச்சம் வைக்காமல். அவருக்கு இனி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கூழாங்கல் கரையில் நிற்கும்போது, எனக்கு இனி நம்புவதற்கு ஒன்றும் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்காரி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். என் குக்கரை அவளுக்கே கொடுத்துவிட்டேன். வேன் வந்தது.

கப்பலில் கீழ்த்தளத்தில், எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. மற்றவர்கள் எல்லோரும் இரைச்சல் தாங்காமல் மேலே போய்விட்டார்கள். கப்பல் நகர்ந்ததும் தரை நடுங்கியது. நாற்காலி நடுங்கியது. கையில் இருந்த பாட்டில் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தைத் தரையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தலை என் தோளில் சாய்ந்தது. மாத்திரை இல்லாமல், வாய் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கினார். நான் அசையவில்லை. தோள் மரத்துப்போனது, அப்படியே இருந்தேன். இந்தக் கப்பல் எங்கும் போய்ச் சேரவேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

வெயில் இறங்குவதற்குள் துறைமுகம் வந்துவிட்டது. எஞ்சின் நின்றது.

அந்தக் கணமே கண்ணைத் திறந்தார்.

"கரண்ட் போயிருச்சா?"

வந்துரும், படுங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆயுசெல்லாம் சொன்ன பதில், நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் தண்ணீர் அசையாமல் நின்றது.

"ஆமாங்க, போயிருச்சு" என்றேன். குனிந்து அவர் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தேன்.